ரோஸ் கலர் வீடு: குமரி மழைக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்றபடி அடிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகில் போகிறவர்கள் பாறையையும் 133 அடி வள்ளுவரையும் பார்த்தபடியே போவார்கள். அடுத்த முறை போகும்போது கொஞ்சம் பின்னால் திரும்பிக் கரையைப் பாருங்கள். நடுவில் வெள்ளை வெளேரென்று உபகார மாதா ஆலயம். அதைச் சுற்றி நெருக்கமாக மீனவர் வீடுகள், பச்சையும் நீலமும் மஞ்சளுமாக. இடையிடையே ரோஸ். என் கண் ஒவ்வொரு முறையும் அந்த ரோஸ் வீடுகளில்தான் போய் நிற்கும். நீலக் கடலும் பச்சைத் தென்னையும் சூழ்ந்த ஊரில், இரண்டிலும் சேராத ஒரு நிறம் சுவரில் இருந்தால் அந்த வீடே சிரிப்பது போல இருக்கும்.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம். கட்டி முடித்தபோது அம்மைக்கு ஒரே ஆசைதான். "மக்களே, ரோட்டுல இருந்து பாக்கும்போதே நம்ம வீடுன்னு தெரியணும், ரோஸ் அடிச்சிரு" என்றாள். அடித்தோம். பூச்சு வேலை முடிந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை, பால் காய்ச்சும் நாள் நெருங்கிவிட்டது என்ற அவசரம். அந்த ஆடிக்குள் மேற்குச் சுவர் திட்டுத்திட்டாக வெளுத்தது. ஐப்பசி மழையில் அடிப்பகுதி பொரிந்து உதிர்ந்தது. அம்மை வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, முற்றத்தில் நின்று அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு வருடம் கழித்து எல்லாவற்றையும் சுரண்டி, முறைப்படி மறுபடி அடித்தோம். அது ஏழு வருடமாக நிற்கிறது. அந்த இரண்டாவது முறையில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேலையில் முக்கால் பங்கு சுவரிலிருந்து தண்ணீரை விலக்குவதுதான். நிறம் கடைசி இரண்டு மூன்று நாள் வேலை.

முதலில், எந்த ரோஸ்?

கடையில் ஷேடு கார்டை விரித்தால் ரோஸ் மட்டும் நாற்பது ஐம்பது இருக்கும். பெயர்களைப் பார்க்காதீர்கள். எல்லா ரோஸும் இரண்டு குடும்பத்துக்குள் அடங்கும். ஒன்று நீலச் சாயல் உள்ளது. அரளிப் பூவின் ரோஸ், பட்டுப்பாவாடை ரோஸ் எல்லாம் இதில் சேரும். இன்னொன்று மஞ்சள் அல்லது காவிச் சாயல் உள்ளது. அவித்த இறாலின் நிறம், வெங்காயத்தோல் நிறம், மங்கிய செங்கல் நிறம் இந்தப் பக்கம்.

குமரி மாவட்டத்து வீட்டின் வெளிச்சுவருக்கு இரண்டாவது குடும்பத்தைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நம் வீடுகளைச் சுற்றி இருப்பது செம்மண். கூரையில் ஓடு இருந்தால் அதுவும் செம்மண் நிறம். காவிச் சாயல் உள்ள ரோஸ் இவற்றோடு சொந்தக்காரர் போல ஒட்டிக்கொள்ளும். நீலச் சாயல் ரோஸை ஓட்டுக்குக் கீழே வைத்தால் ஓடு அழுக்காகத் தெரியும், சுவர் பிளாஸ்டிக் போலத் தெரியும். ஆனால் கான்கிரீட் மேல்தளம், வெள்ளைக் கைப்பிடிச் சுவர், ஓடே இல்லை என்றால் அரளி ரோஸும் நன்றாகவே இருக்கும். கடற்கரை ஊர்களில் அது அழகாகப் பொருந்தியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம் வெயில். ரோஸ் என்பது நிறைய வெள்ளையில் கொஞ்சம் சிவப்பு. அடர் சிவப்புச் சுவரில் சிவப்புப் பொடியில் கொஞ்சத்தை வெயில் தின்றாலும் மிச்சம் நிறைய இருக்கும். ரோஸில் இருப்பதே கொஞ்சம்தான், அது போனால் சுவர் வெளுத்துவிடும். மலிவான கரிமச் சிவப்புப் பொடிகள் இப்படித்தான் வெயிலில் சிதைகின்றன. இரும்பு ஆக்சைடு அப்படி அல்ல. அது துருவேதான், ஏற்கெனவே ஆக வேண்டியதெல்லாம் ஆகி முடிந்த பொருள். வெயிலோ சுண்ணாம்பின் காரமோ அதை லேசில் மாற்றாது. முட்டம் பக்கம் கடலோரச் செம்மண் மேடுகள் எவ்வளவு காலமாக அதே நிறத்தில் இருக்கின்றன என்று பாருங்கள், அந்தச் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். காவிச் சாயல் ரோஸைப் பெரும்பாலும் இந்தப் பொடியை வைத்தே கலக்க முடியும். கடைக்காரரிடம் "வெளிச்சுவருக்கு, ஆக்சைடு டின்டர் வச்சு வர்ற ஷேடு காட்டுங்க" என்று கேளுங்கள். டின்டர் என்பது பெயிண்டில் சேர்க்கும் நிறக் குழம்பு. கலக்கும் எந்திரத்தில் அந்த ஷேடுக்கு என்னென்ன நிறம் எவ்வளவு சேர்கிறது என்று திரையிலேயே தெரியும். பளிச்சென்ற ரோஸ்தான் வேண்டும் என்றால், வெயில் தாங்கும் நிறமிகளோடு, நிறம் மங்காததற்கு வாரண்டி தரும் உயர் ரக எமல்ஷனாக வாங்குங்கள். அந்த இடத்தில் பணத்தைச் சுருக்க வேண்டாம்.

ஜெய்ப்பூரைப் பற்றி ஒரு வார்த்தை. 1876இல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காக மன்னர் இரண்டாம் ராம் சிங் காலத்தில் நகரத்துக்கு அந்த நிறம் பூசப்பட்டதாகச் சொல்வார்கள். அதுவும் காவி ரோஸ்தான். ஆனால் அது வறண்ட ஊர். நமக்கு ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து இன்னொரு மழை. வீட்டின் எந்தப் பக்கமும் தப்பாது. அதனால் ஜெய்ப்பூர்ப் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்பதோடு வேலை முடியாது.

நிறம் முடிவாகாமல் திணறினால் தோவாளைப் பூச்சந்தைக்கு ஒரு காலை போய் வாருங்கள். தாமரை, அரளி, பன்னீர் ரோஸ் என்று ரோஸின் எல்லாப் படியும் ஒரே இடத்தில் கிடக்கும். பிடித்த பூவின் இதழை வாடுமுன் ஷேடு கார்டில் வைத்துப் பார்க்கலாம். நாங்கள் அப்படித்தான் தாமரையின் வெளி இதழுக்கும் வெங்காயத்தோலுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்தோம்.

சுவரில் அடித்துப் பார்ப்பது

கார்டில் விரல் நீளத்துக்கு இருக்கும் நிறம், முழுச் சுவரில் இரண்டு மடங்கு கூடித் தெரியும். ரோஸுக்கு இது ரொம்பவே பொருந்தும். அதனால் கார்டில் "இதுதான்" என்று தோன்றுவதற்கு ஒரு படி வெளிறியதை எடுங்கள். மூன்று ஷேடில் சின்ன டின் வாங்கி, மேற்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக, இரண்டு கை, அதாவது இரண்டு பூச்சு, அடியுங்கள். பழைய நிறத்தின் மேலேயே அடித்தால் கண் ஏமாறும். முதலில் வெள்ளை பிரைமர் ஒரு கை அடித்து அதன்மேல் அடியுங்கள்.

மூன்று நாள் பார்க்க வேண்டும். காலை ஏழு மணிக்கு, உச்சி வெயிலில், மாலை ஐந்தரைக்கு, மேகம் போட்ட நேரத்தில். உச்சி வெயிலில் எந்த ரோஸும் வெளுத்துத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மேகமூட்டத்தில் எது உயிரோடு தெரிகிறதோ அதுவே நம் ஊருக்கு ஏற்றது, ஏனென்றால் வருடத்தில் எத்தனையோ மாதம் நமக்கு அந்த வெளிச்சம்தான். வாழையும் பலாவும் சுவரை ஒட்டி நின்றால் இலைப் பச்சை சுவரில் விழுந்து ரோஸைச் சாம்பலாக்கும். அந்தப் பக்கம் இருக்கும் வீடுகள் கொஞ்சம் சூடான ஷேடு எடுக்கலாம்.

எப்போது அடிப்பது

தை பிறந்த பிறகு. தை, மாசி, பங்குனிப் பாதி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் மாலையில் இடியோடு மழை வரும், அடித்த அன்றே வழிந்துவிடும். ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் புழுதி பறக்கும். ஈரப் பெயிண்டில் மண் ஒட்டி, சுவர் உப்புத்தாள் போல ஆகும். புதுப் பூச்சு என்றால் காலம் பார்த்தால் மட்டும் போதாது. நனைத்துப் பதப்படுத்தி, குறைந்தது 28 நாள் கழிந்து, பிறகு நன்றாகக் காயவும் விட வேண்டும். புதுச் சிமென்டின் காரம் ரோஸின் சிவப்பைத் தின்றுவிடும். எங்கள் மேற்குச் சுவர் திட்டாக வெளுத்ததற்கு அதுதான் காரணம். வீடு குடியேறும் நாளுக்கு நிறம் வேண்டும் என்றால் வெறும் வெள்ளைச் சுண்ணாம்போடு குடியேறுங்கள், தையில் ரோஸ் அடித்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு அடித்த சுவரை அப்போது நன்றாகச் சுரண்ட வேண்டியிருக்கும், அது ஒரு நாள் வேலை. வெளுத்த ரோஸைச் சரிசெய்வது ஒரு மாத வேலை.

சுவரைத் தயார் செய்வது

இங்கேதான் எல்லாமே இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மழை பெய்யும் நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வந்தாலே பாதி தெரிந்துவிடும். கைப்பிடிச் சுவரின் தலையில் விரிசல் இருக்கும். சன்ஷேடின் அடியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு காடி (நீளப் பள்ளக் கோடு) இல்லாவிட்டால், தண்ணீர் அடிப்பக்கமாக ஓடிச் சுவரில் இறங்கிக் கறுப்புக் கோடு போடும். ரோஸ் சுவரில் அந்தக் கோடு கண்மை கரைந்தது போலத் தெரியும். கைப்பிடிச் சுவரின் தலையை உள்பக்கம் சாய்வாகப் பூசி, சன்ஷேடுக்கு அடிக்காடி வெட்டச் சொல்லுங்கள். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலைதான். குளியலறைக் குழாய் கசிவு, மாடித் தண்ணீர்க் குழாய் உடைசல் எல்லாம் இதே நாளில் முடித்துவிட வேண்டும்.

அப்புறம் ஈரச் சோதனை. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பிரித்தால், சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் இருந்தால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். அடிப்பகுதியில் மட்டும் ஈரம் என்றால் தரையிலிருந்து ஏறுகிறது என்று பொருள். வெளியே மண் மட்டம் உயர்ந்து கிடக்கிறதா என்று பார்த்து வெட்டி இறக்குங்கள்.

உப்புப் பூத்திருந்தால் அதைத் தண்ணீர் விட்டுக் கழுவ ஆரம்பிக்காதீர்கள். உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த நிலையிலேயே கம்பி பிரஷால் தேய்த்து, பெருக்கி அள்ளி, முற்றத்துக்கு வெளியே கொட்டுங்கள். கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் பூச்சு வேலைக்கோ சுவர் கழுவவோ அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினால் உப்பை நாமே ஊட்டியது போல ஆகும். நல்ல தண்ணீர் வண்டியில் வாங்கியாவது ஊற்றுங்கள்.

பாசிக்கு பிளீச்சிங் பவுடர். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி போட்டுக் கலக்கி, தெளிய விட்டு, மேலே உள்ள தெளிவை எடுத்துப் பாசி மேல் தேயுங்கள். கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பாசியைச் சுரண்டி மட்டும் விட்டால் வேர் போல ஒட்டியிருப்பது அடுத்த மழையில் பெயிண்டைத் துளைத்து வரும். கையுறை போடுங்கள். இதோடு கழிப்பறை கழுவும் ஆசிடை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும்.

பழைய பெயிண்டை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். மாவு போல ஒட்டினால், குறிப்பாகப் பழைய சிமென்ட் பெயிண்டோ சுண்ணாம்போ இருந்தால், அது போகும்வரை சுரண்டத்தான் வேண்டும். மாவின் மேல் அடித்தால் எவ்வளவு நல்ல பெயிண்டும் தோல் போல உரியும். சுரண்டுவதற்கு முன் கிணற்று வாயைத் தார்ப்பாயால் மூடிக் கட்டுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய கதவு, கிராதிகளின் எனாமலில் ஈயம் இருக்கலாம். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை ஈரம் வைத்தே தேயுங்கள், குழந்தைகளை அன்று அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

விரிசல்களை வெளிச்சுவருக்கான நிரப்பியால் அடையுங்கள். பட்டி பார்ப்பதைப் பற்றிப் பெயிண்டர் அண்ணன்மாரோடு எனக்கு இன்னும் வாதம் உண்டு. வெளிச்சுவர் முழுக்கப் பட்டி போட்டு வழுவழுப்பாக்குவது கடலோரம் இல்லாத உள்பகுதி ஊர்களுக்குச் சரி. இரண்டு மழை வாங்கும் நம் சுவரில் தடியான பட்டி தண்ணீர் பிடித்து அப்பளம் போல எழும்பும். குழி இருக்கும் இடத்தில் மட்டும், வெளிச்சுவருக்கென்று உள்ள வெள்ளைச் சிமென்ட் பட்டியை, மெல்லிசாகப் போட்டால் போதும். ரோஸுக்குச் சுவரின் லேசான சொரசொரப்பு நல்லது. வெளிச்சம் அதில் உடைந்து நிறம் மென்மையாகத் தெரியும்.

எவ்வளவு வாங்குவது

வீட்டைச் சுற்றிச் சுவரின் மொத்த நீளம் 130 அடி, உயரம் 11 அடி என்றால் 1430 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 180 கழித்தால் 1250. நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கைக்குச் சுமார் 50 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால் 25 லிட்டர். டின்னில் அச்சிட்ட கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுப்போட ஒரு லிட்டர் கூட வாங்கி, எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே கடையில் கலக்கச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் எல்லா டின்னையும் பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலந்துவிட்டு அடியுங்கள். வெள்ளையில் டின்னுக்கு டின் வித்தியாசம் தெரியாது. ரோஸில் ஒரு சொட்டுச் சிவப்பு கூடினாலும் சுவரின் நடுவில் கோடு விழுந்தது போலக் காட்டிக்கொடுக்கும்.

அடிப்பது

காரம் தாங்கும் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கை. ஒரு நாள் காய விடுங்கள். அப்புறம் நிறம் இரண்டு கை. தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்று டின்னிலேயே இருக்கும். அதை அளந்து ஊற்றுங்கள், கண் அளவு வேண்டாம். தண்ணீர் கூடினால் ரோஸ் முதல் வருடத்திலேயே மங்கும்.

வெயிலுக்கு எதிர்ப்பக்கமாக நகருங்கள். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர். சுடும் சுவரில் அடித்தால் பெயிண்ட் பிடிக்குமுன் காய்ந்து ரோலர் தடம் நிற்கும். மூலையிலிருந்து மூலை வரை ஒரு சுவரை நிறுத்தாமல் முடிக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்துக்காகப் பாதியில் விட்ட இடம் காலத்துக்கும் தெரியும். இரண்டு கைக்கு நடுவே நாலைந்து மணி நேரம் போதும் என்பார்கள். கடலோரத்தில் ஓர் இரவு விட்டே அடியுங்கள், காலைப் பனி ஈரமும் காய்ந்த பிறகு. கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வீடு என்றால் பிரைமருக்கு இரண்டு நாள் முன்பே நல்ல தண்ணீரால் சுவர் முழுக்கக் கழுவுங்கள், படிந்த உப்பு போகட்டும். ஜன்னல் கம்பியில் துரு தட்டியிருந்தால் வெள்ளி போலப் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, அன்றே துரு தடுக்கும் பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு ராத்திரி விட்டாலே கடற்காற்றில் மறுபடி சிவக்கும்.

பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு என்றால்

தாத்தா காலத்து ஓட்டு வீடு, சுண்ணாம்புக் காரைச் சுவர் என்றால் எமல்ஷனே வேண்டாம். அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். எமல்ஷன் அதன் வாயை அடைக்கும். சிப்பிச் சுண்ணாம்பை நீற்றி, துணியில் வடிகட்டி, மோர் பதத்துக்குக் கரைத்து, காவிப்பொடியைத் தனியே தண்ணீரில் குழைத்துச் சேருங்கள். கொஞ்சம் வஜ்ஜிரப் பசை கரைத்து ஊற்றினால் கையில் ஒட்டாது. சுவரை நனைத்துவிட்டு, மெல்லிசாக மூன்று கை. ஈரத்தில் செங்கல் போல இருப்பது காய்ந்ததும் வெளிறிய ரோஸாகும். அதனால் ஒரு பலகையில் அடித்துக் காயவிட்டுப் பார்த்துவிட்டே அளவை முடிவு செய்யுங்கள். இந்த ரோஸில் இருக்கும் மேகம் போன்ற ஏற்ற இறக்கம் எந்த டின்னிலும் கிடைக்காது. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டும், அந்த வேலையை நான் பாரமாக நினைப்பதில்லை. முன்பே எமல்ஷன் ஏறிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, அதில் முயல வேண்டாம்.

கூட வரும் நிறங்கள்

தரையிலிருந்து இரண்டடிக்கு அடர்நிறப் பட்டை கட்டாயம். மழை செம்மண்ணை அந்த உயரத்துக்குத் தெறிக்கும். செவ்வாழைத் தோல் போன்ற கருஞ்சிவப்பு நன்றாகச் சேரும், தெறித்த மண்ணும் தெரியாது. ஜன்னலைச் சுற்றியும் சன்ஷேடு ஓரத்திலும் பால்வெள்ளை. ரோஸுக்கு எல்லை கட்டுவது அதுதான், அது இல்லாவிட்டால் வீடு ஒரே கட்டியாகத் தெரியும். அயினியோ பலாவோ கதவு என்றால் மர நிறத்தையே விட்டு வார்னிஷ் மட்டும் அடியுங்கள். கம்பிகளுக்கு அடர் பச்சை.

விளக்கையும் மறக்க வேண்டாம். அந்தி மயங்கும்போது சிவப்புதான் முதலில் கண்ணுக்கு மங்கும். திண்ணையில் வெள்ளை எல்இடி போட்டால் ரோஸ் ஊதாவாகித் துவண்டு போகும். 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ள மஞ்சள் விளக்கு போடுங்கள். வீட்டுக்குள்ளும் ரோஸ் வேண்டும் என்பவர்கள் வெளியில் அடித்ததில் கால் பங்கு நிறத்தோடு, ஓர் அறைக்கு மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுத் தொடரலாம்.

பிறகு பார்த்துக்கொள்வது

ஒவ்வொரு தையிலும் ஹோஸ் பிடித்து நல்ல தண்ணீரால் சுவரைக் கழுவுங்கள். பாசி பச்சையாகத் தெரியும்போதே பிளீச்சிங் தெளிவைத் தேய்த்தால் கறுக்காது. சுவரை ஒட்டிய செடிகளை ஒன்றரை அடி தள்ளி வெட்டிவிடுங்கள். மிச்சப் பெயிண்டை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வாய்வரை ஊற்றி இறுக்கி மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஷேடு எண், அடித்த மாதம், வருடம், எத்தனை லிட்டர் ஆனது என்று ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அம்மையே அவள் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள், பக்கத்தில் காய்ந்த தாமரை இதழ் ஒன்றையும் வைத்து.